வேல்ஸ் தந்த குணச்சித்திர நடிகர்: மெர்வின் ஜான்ஸின் திரைவாழ்வு

திரைப்பட வரலாறு எழுதப் புகுவோர் நாயகர்களையும் இயக்குநர்களையும் மையமாகக் கொண்டே தம் நூல்களை அமைத்துக்கொள்கின்றனர். ஒரு படத்தில் கால்மணி நேரம் தோன்றி, அப்படத்திற்கு உயிர்ப்பூட்டிவிட்டு அகன்றுபோகும் நடிகர்களுக்கு அவ்வரலாற்றில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரியே. இத்தகையோரை நாம் குணச்சித்திர நடிகர் என வழங்குகிறோம். ஆங்கிலேயர் இவர்களுக்கு இட்ட பெயர் 'பாத்திர நடிகர்' என்னும் அளவில் நின்றுவிடுகிறது. நம் சொல்லோ ஒருவனுடைய குணத்தைக் கோடுகோடாக வரைந்து காட்டுபவன் என்னும் பொருளையும் உடன்கொண்டு வருகிறது. அப்பொருளுக்கு முழுதும் உரியவராக 1940களின் பிரித்தானியத் திரையில் விளங்கியவர் வேல்ஸ் நாட்டவரான மெர்வின் ஜான்ஸ்.

குறுகிய உருவம், வட்டக் கண்கள், தணிந்த குரல். தெருவில் எதிர்ப்பட்டால் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கத் தோன்றாத முகம் அவருடையது. நடிகன் ஒருவனுக்கு இதனைக் குறையாகவே எவரும் கருதுவர். ஆனால் உலகப்போர் நிகழ்ந்த ஆண்டுகளில் அந்த முகத்திற்குத் தனித்தேவை ஒன்று எழுந்தது. நாட்டைக் காக்கப்போகிறவன் தெருக்கோடியில் வாழும் எளிய மனிதனே என்று நம்பிய ஒரு காலம், நாட்டைக் காட்டிக்கொடுப்பவனும் அதே தோற்றத்தில் அடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கக் கூடும் என்று அஞ்சவும் செய்தது. அந்த நம்பிக்கை, அந்த அச்சம் ஆகிய இரண்டிற்கும் திரையில் ஒரே முகம் கிடைத்தது என்பதே மெர்வின் ஜான்ஸின் திரைவாழ்வை ஆராயத் தக்கதாக்குகிறது.

பிறப்பும் தொடக்கமும்

1899ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் தென்மேற்கு மூலையில் உள்ள பெம்புரோக் நகரில் ஜான்ஸ் பிறந்தார். ஆங்கில அரசன் ஏழாம் ஹென்றி 1457இல் பிறந்த கோட்டை அமைந்த நகர் அது. அந்நகரும் அதைச் சூழ்ந்த தென்பகுதியும் வேல்ஸில் இருந்துகொண்டே பல நூற்றாண்டுகளாக ஆங்கிலம் பேசிவருபவை. நார்மானியர் படையெடுப்புக்குப் பின் ஏற்பட்ட குடியேற்றங்கள் இதற்குக் காரணம். இதனால் 'வேல்ஸுக்கு அப்பாலுள்ள சிறிய இங்கிலாந்து' என்றே அப்பகுதிக்கு ஒரு பெயர் வழங்கிவருகிறது. அதற்கு வடக்கே சில மைல் தொலைவில் வேல்ஸ் மொழியே வீட்டுமொழி. இவ்வாறு இரு மொழிகளின் எல்லையோரத்தில் பிறந்த ஒருவர் பின்னாளில் ஆங்கிலச் சிற்றூர்க் கோயில் ஊழியராகவும், வேல்ஸ் விடுதிக்காரராகவும், ஜெர்மானிய ஒற்றராகவும் எவருக்கும் உறுத்தாமல் நடித்தமை தற்செயலாக இருக்கலாம். எனினும் நினைவில் கொள்ளத்தக்கது.

அவர் நடிப்பு வாழ்வு மேடையில் தொடங்கியது. துணைவியார் பியானோ இசைக்கலைஞர். நாடகப் பயணமாகத் தென்னாப்பிரிக்கா சென்றிருந்தபோது, 1923 அக்டோபர் 5ஆம் நாள் பிரிட்டோரியா நகரில் அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அந்தக் குழந்தையே பின்னாளில் தந்தையினும் பெரும்புகழ் பெற்ற நடிகை கிளினிஸ் ஜான்ஸ்.

திரைக்கு அவர் வந்தபோது வயது முப்பத்தைந்து. 1934இல் வெளிவந்த 'லேடி இன் டேஞ்சர்' அவருடைய முதற்படம். அடுத்த ஐந்தாண்டுகளில் கிடைத்தவை யாவும் சிறு வேடங்கள். 1939இல் ஹிட்ச்காக் இயக்கிய 'ஜமைக்கா இன்' படத்தில், கரையோரத்தில் கப்பல்களைக் கவிழ்த்துக் கொள்ளையிடும் கூட்டத்தாருள் ஒருவராக வருகிறார். அக்கூட்டத்தில் இன்னொருவராக நடித்த எம்லின் வில்லியம்ஸும் வேல்ஸ் நாட்டவரே. அவர் நாடகாசிரியராக ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தார். ஜான்ஸின் பெயரோ அப்போது எவர் நாவிலும் இல்லை.

ஈலிங் கலைக்கூடமும் போரும்

லண்டன் மாநகரின் மேற்குப் பகுதியில் உள்ள ஈலிங்கில் ஒரு சிறிய படப்பிடிப்புக் கலைக்கூடம் இருந்தது. 1938 முதல் அதன் பொறுப்பை ஏற்று நடத்தியவர் மைக்கேல் பால்கன். ஹாலிவுட்டைப் போலப் பொருட்செலவு செய்ய இயலாத அக்கூடம், நட்சத்திரங்களை நம்புவதை விடுத்து, ஒரு குழுவாக இயங்கும் நடிகர்களை நம்பியது. ஒரே முகங்கள் படத்துக்குப் படம் மாறிமாறி வரும். ஒருவர் ஒரு படத்தில் தலைமைப் பாத்திரம் ஏற்பார். மறுபடத்தில் ஓரத்தில் நிற்பார். ஜான்ஸ் போன்ற நடிகருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வாய்த்திராது. அந்நாளில் திரையரங்கு என்பது மக்களின் அன்றாட வாழ்வின் ஒரு பகுதி. 1946ஆம் ஆண்டில் மட்டும் பிரித்தானியத் திரையரங்குகளில் 163 கோடிக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்பனையாயின என்பதிலிருந்து அம்முகங்களின் வீச்சை உய்த்துணரலாம்.

1942ஆம் ஆண்டு வெளிவந்த இரு படங்களை அடுத்தடுத்து வைத்து நோக்குவது பயன் தரும். ஒன்று, தோரல்ட் டிக்கின்சன் இயக்கிய 'த நெக்ஸ்ட் ஆஃப் கின்'. படைவீரர்கள் வாயடக்கம் காக்க வேண்டும் என்பதற்காகப் பயிற்சிப் படமாகத் தொடங்கப்பெற்று, பின்னர் பொதுமக்களுக்கும் காட்டப்பெற்றது. பிரெஞ்சுக் கடற்கரையில் நிகழவிருக்கும் தாக்குதல் ஒன்றைப் பற்றிய செய்திகள் துணுக்குத் துணுக்காகக் கசிகின்றன. கவனக்குறைவான ஒரு சொல், மறந்து வைத்த ஒரு தாள் என அவற்றைத் திரட்டி எதிரிக்கு அனுப்புபவர் டேவிஸ் என்னும் பெயரில் உலவும் ஒற்றர். அப்பாத்திரம் ஜான்ஸுக்கு உரியது. அவர் கண்களில் கொடுமை இல்லை. குரலில் மிரட்டல் இல்லை. மழைக்கு ஒதுங்க வந்தவர்போல வருகிறார், கேட்கிறார், செல்கிறார். தாக்குதலில் வீரர்கள் மடிகின்றனர். படத்தின் இறுதியில் புகைவண்டிப் பெட்டியில் இருவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, அதே மனிதர் அமைதியாகச் செவிமடுத்து அமர்ந்திருக்கிறார். போரில் வெற்றியா தோல்வியா என்பதைவிட, அந்த ஒற்றர் இறுதிவரை பிடிபடவில்லை என்பதே பார்ப்போர் நெஞ்சில் தைப்பது.

மற்றொன்று, ஆல்பெர்ட்டோ கவல்கான்ட்டி இயக்கிய 'வென்ட் த டே வெல்?'. கிரஹாம் கிரீனின் சிறுகதை ஒன்றைத் தழுவியது. பிராம்லி எண்ட் என்னும் கற்பனைச் சிற்றூருக்குப் பிரித்தானிய வீரர்போல உடையணிந்த ஜெர்மானியர் வந்து புகுகின்றனர். ஊர்ப்பெரியவரே அவர்களுக்கு உடந்தை. கள்ளம் வெளிப்பட்டதும் ஊரார் எதிர்த்து நிற்கின்றனர். அஞ்சல் நிலையம் நடத்தும் மூதாட்டி கையிற் கிடைத்த கோடரியை ஓங்கும் காட்சி, போர்க்காலப் படங்களில் இன்றளவும் அதிர்ச்சி தருவது. இப்படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கல்லறைத் தோட்டத்தில் நின்று, நேரே நம்மை நோக்கிக் கதை சொல்பவர் சார்லி சிம்ஸ் என்னும் கோயில் ஊழியர். அவராக வருபவர் ஜான்ஸ். பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள டர்வில் என்னும் உண்மையான சிற்றூரில் எடுக்கப்பெற்ற அக்காட்சியில், ஜெர்மானியர் புதைக்கப்பட்ட இடத்தைக் காட்டி, இங்கிலாந்தில் அவர்கள் வென்றெடுக்க முடிந்த மண் இவ்வளவே என்னும் கருத்துப்பட அவர் பேசுகிறார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிம்ஸ் கதை சொல்வது போர் முடிந்துவிட்ட ஒரு காலத்தில் நின்று. படம் வெளிவந்த 1942இலோ போர் முடிய இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன. யார் வெல்வார் என்பதும் உறுதியில்லை. நடக்காத எதிர்காலம் ஒன்றை நடந்து முடிந்ததாக மக்களிடம் சொல்லுதல் வேண்டும். அவர்கள் அதனை நம்பவும் வேண்டும். மேடைப் பேச்சாளரின் குரலில் சொல்லியிருந்தால் அது வெற்றுப் பரப்புரையாக முடிந்திருக்கும். ஜான்ஸ் அதனை வழிப்போக்கனுக்கு ஊர்க்கதை சொல்லும் பாங்கில், பெருமிதத்தை அடக்கி, சற்றே குறும்பு கலந்து சொல்லிவிடுகிறார். அதே ஆண்டில், அதே முகம், அதே தணிந்த குரல். ஒன்றில் நம்பினால் அழிவு, மற்றொன்றில் நம்பாவிட்டால் வாழ்வில்லை. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தவர் யாரேனும் வீடு திரும்பும் வழியில் என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

1943இல் 'சான் டெமெட்ரியோ லண்டன்' வந்தது. இது நிகழ்ந்த கதை. 1940 நவம்பர் 5ஆம் நாள் அட்லாண்டிக் கடலில் 'அட்மிரல் ஷேர்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் தாக்க, விமான எரிபொருள் ஏற்றிவந்த சான் டெமெட்ரியோ தீப்பற்றியது. மாலுமிகள் கப்பலைக் கைவிட்டுப் படகேறினர். அவர்களுள் ஒரு சாரார் பின்னர் அக்கப்பலையே மீண்டும் கண்டு, ஏறித் தீயை அணைத்து, கரை சேர்த்தனர். இயந்திர அறைத் தொழிலாளி ஜான் பாயில் உள்ளே பட்ட காயத்தோடு பணியாற்றி உயிர் துறந்தார். அவராக நடித்த ஜான்ஸ், வலியைக் காட்டுவதைவிட மறைப்பதையே நடிப்பாகக் கொண்டார். தொல்காப்பியர் மெய்ப்பாடு எனச் சுட்டுவது உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை. அதனைப் புலப்படாமல் அடக்க முயலும் முயற்சியே புலப்படுமாறு நடிப்பது அதனினும் கடியது.

அதே ஆண்டில் நகைச்சுவை நடிகர் வில் ஹேயின் இறுதிப் படமான 'மை லேர்னட் ஃப்ரெண்ட்' படத்தில், தம்மைச் சிறைக்கு அனுப்பியவர்களை ஒருவர்பின் ஒருவராகக் கொன்றுவரும் கிரிம்ஷாவாக ஜான்ஸ் வந்தார். பிக் பென் மணிக்கூண்டின் முகப்பில் நடக்கும் உச்சக்காட்சியைக் கண்டு அன்று அரங்குகள் சிரித்து அதிர்ந்திருக்க வேண்டும். மெல்லிய மனிதர் கொலைஞராவது அச்சம் தருவதுபோலவே நகைப்பும் தரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

வேல்ஸ் மனிதராக

இங்கு ஒரு வினா எழும். வேல்ஸ் நாட்டவரான அவர் வேல்ஸ் மனிதராக எத்துணை முறை நடித்தார்? அக்காலத்தில் வேல்ஸ் வாழ்வு திரையில் காட்டப்பட்ட முறையே இதற்கு ஒரு பின்னணி. 1941இல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' வேல்ஸ் சுரங்கப் பள்ளத்தாக்கைக் கலிபோர்னியாவில் செட்டாக எழுப்பியது. முதன்மை நடிகர்களுள் வேல்ஸ் மண்ணினர் அரியர். பாடும் சுரங்கத் தொழிலாளர், இறைப்பற்று மிக்க தாய் என்னும் இரு வார்ப்புகளைத் தாண்டி வேல்ஸ் மனிதரைப் பெரும்பாலான படங்கள் நோக்கவில்லை.

ஜான்ஸுக்குக் கிடைத்தவை எண்ணிக்கையிற் சிலவே; ஆனால் ஆழமானவை. 1944இல் பேசில் டியர்டன் இயக்கிய 'த ஹாஃப்வே ஹவுஸ்' வேல்ஸ் மலைப்பகுதியின் விடுதி ஒன்றில் நிகழ்வது. மனமுறிவும் துயரும் சுமந்த சிலர் அங்கு வந்து தங்குகின்றனர். விடுதியை நடத்துபவர் ரீஸ். உடனிருப்பவர் அவர் மகள் கிவனெத். மெல்ல மெல்ல விருந்தினர் சிலவற்றை உணர்கின்றனர். நாளிதழ்கள் ஓராண்டுக்கு முற்பட்டவை. வெயிலில் நிற்கும் அப்பெண்ணுக்கு நிழல் விழவில்லை. அவ்விடுதி ஓராண்டுக்கு முன்பே குண்டுவீச்சில் எரிந்துபோனது. விடுதிக்காரரும் மகளும் அதிலேயே மாண்டவர்கள். தந்தையாக மெர்வின், மகளாக அவருடைய மகள் கிளினிஸ். போரில் உற்றாரை இழந்தோர் நிரம்பிய அரங்குகளில், இறந்தவர்கள் சினமின்றி வந்து வாழ்வோரைத் தேற்றி அனுப்புவதாகக் காட்டிய படம் அது. பேய்க்கதையில் அச்சம் அறவே நீங்கி ஆறுதல் மட்டும் எஞ்சுவது எளிதன்று. தந்தையும் மகளும் ஒருவரையொருவர் நோக்கும் நோக்கிலேயே பாதிப் படம் நின்றுவிடுகிறது.

1946இல் வந்த 'த கேப்டிவ் ஹார்ட்' ஜெர்மானியச் சிறைமுகாமில் ஆண்டுக்கணக்கில் அடைபட்ட பிரித்தானிய வீரர்களைப் பற்றியது. போர் முடிந்த சூட்டோடு, ஜெர்மனியில் இருந்த உண்மையான முகாமிலேயே இதன் பகுதிகள் எடுக்கப்பெற்றன. இதில் ஜான்ஸ் வேல்ஸ் படைவீரர் எவன்ஸ். ஊரில் மனைவி கருவுற்றிருக்கிறாள். கடிதம் வருமென்று அவர் காத்திருக்கிறார். வருவது மகப்பேற்றில் அவள் இறந்த செய்தி. முகாமின் நெரிசலில் அழுவதற்கும் தனியிடம் இல்லை. நாற்பத்தேழு வயது நடிகர் ஒருவர் ஏற்ற அப்பாத்திரத்தில் பாட்டும் இல்லை, உருக்கமான உரையும் இல்லை. வேல்ஸ் மனிதர் என்ற வார்ப்பு அங்கே உடைந்து, இழந்த மனிதர் ஒருவர் மட்டுமே நிற்கிறார். அவருடைய வேடங்களுள் தலையாயது எது என்று கேட்டால் பலரும் அடுத்துக் கூறவிருக்கும் படத்தையே சுட்டுவர். எவன்ஸும் அதற்கு இணையாக வைத்து எண்ணப்பட வேண்டியவரே.

முடிவற்ற கனவு

1945 செப்டம்பரில் வெளிவந்த 'டெட் ஆஃப் நைட்' ஜான்ஸின் பெயரை நிலைநிறுத்திய படம். கவல்கான்ட்டி, சார்லஸ் கிரைட்டன், பேசில் டியர்டன், ராபர்ட் ஹேமர் ஆகிய நால்வர் இயக்கியது. ஐந்து கிளைக்கதைகளையும் கோக்கும் நூலாக அமைவது வால்டர் கிரெய்க் என்னும் கட்டடக் கலைஞரின் கதை. அழைப்பின்பேரில் கிராமப்புற வீடு ஒன்றுக்கு வரும் அவர், அங்குள்ள அனைவரையும் தம் கனவில் பலமுறை கண்டிருப்பதாகக் கூறுகிறார். அடுத்து நிகழப்போவதும் ஒருவாறு அவருக்குத் தெரியும். அது நன்றாக முடியாது என்பதும் தெரியும். விருந்தினர் ஒவ்வொருவரும் தாம் கண்ட வியப்பைச் சொல்ல, உளநூல் அறிஞர் ஒருவர் ஒவ்வொன்றுக்கும் அறிவுவழி விளக்கம் தருகிறார். இறுதியில் கிரெய்க் அந்த அறிஞரையே கழுத்தை நெரித்துக் கொல்கிறார், விழிக்கிறார், கனவு. தொலைபேசி ஒலிக்கிறது. கிராமப்புற வீட்டிற்கு அழைப்பு. மகிழ்ந்து புறப்படுகிறார், படம் தொடங்கிய காட்சியே மீண்டும் தொடங்குகிறது.

இப்படத்தில் மைக்கேல் ரெட்கிரேவ் பொம்மையைப் பேசவைக்கும் கலைஞராக நடித்த பகுதியே பெரிதும் பேசப்படுவது. அது தகும். ஆனால் அப்பகுதிக்கு அச்சம் தருவது, அதற்கு முன் ஒரு மணி நேரமாகக் கிரெய்க்கின் முகத்தில் படிந்துவரும் நிழலே. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மரியாதை தவறாமல், தம்மைப் பற்றித் தாமே வெட்கப்படுபவர்போல அவர் பேசுகிறார். நல்ல மனிதர் ஒருவர், தம்முள் கொலைஞன் ஒருவன் இருப்பதைத் தாமே முதலில் அறிந்து அஞ்சுகிறார். டேவிஸ் என்னும் ஒற்றரும் சிம்ஸ் என்னும் கோயில் ஊழியரும் இங்கே ஒரே உடலில் வந்து சேர்ந்துவிட்டனர் எனலாம்.

முடிவும் தொடக்கமும் ஒன்றாகும் அவ்வட்ட அமைப்பு வானியலிலும் ஒரு விளைவை ஏற்படுத்தியது. ஃபிரெட் ஹாயில், தாமஸ் கோல்ட், ஹெர்மன் போண்டி ஆகிய மூன்று அறிவியலாளர்களும் இப்படத்தைப் பார்த்தனர். மாறிக்கொண்டே இருந்தும் என்றும் ஒரே நிலையில் காணப்படும் பேரண்டம் இருத்தல் கூடாதா என்னும் எண்ணம் அதிலிருந்து பிறந்ததாக ஹாயில் பின்னர் எழுதியுள்ளார். 1948இல் அவர்கள் வெளியிட்ட 'மாறா நிலைக் கோட்பாடு' 1965இல் அண்ட நுண்ணலைப் பின்புலம் கண்டறியப்பட்டபின் வலுவிழந்தது. படம் வலுவிழக்கவில்லை.

அதே ஆண்டில் ஹேமர் தனித்து இயக்கிய 'பிங்க் ஸ்ட்ரிங் அண்ட் சீலிங் வாக்ஸ்' படத்தில் ஜான்ஸ் விக்டோரியா காலத்துப் பிரைட்டன் நகர மருந்துக்கடைக்காரர் எட்வர்ட் சட்டன். வீட்டில் அவர் வைத்ததே சட்டம். மகள் பாடகியாக விரும்புகிறாள், தடை. மகன் காதற்கவிதை எழுதுகிறான், ஏளனம். மனம் வெதும்பிய மகன் மதுவிடுதிக்குச் செல்ல, விடுதிக்காரரின் மனைவி பேர்ல் அவனுடைய பழக்கத்தைப் பயன்படுத்திக் கடையிலிருந்து நஞ்சைக் கவர்ந்து கணவனைக் கொல்கிறாள். பிறகு, மகனைச் சிக்கவைப்பதாகச் சொல்லித் தந்தையைப் பொய்ச் சான்று தருமாறு மிரட்டுகிறாள். கொடுங்கோலராகவே நாம் கண்டுவந்த தந்தை அங்கே நேர்மை வழுவாது நிற்கிறார். ஒரே பிடிவாதம் வீட்டிற்குள் கொடுமையாகவும் வெளியில் அறமாகவும் தோன்றும் இம்முரணை ஜான்ஸ் எந்த இடத்திலும் இளக்கிக் காட்டவில்லை. தந்தைமை பற்றி எடுக்கப்பட்ட நேர்மையான படங்களுள் இதற்கு ஓர் இடம் உண்டு.

பிந்திய ஆண்டுகள்

போர் முடிந்து சில ஆண்டுகளில் அந்த முகத்திற்கான தேவை குறைந்தது. 1948இல் 'கவுண்டர்பிளாஸ்ட்' படத்தில் பிரித்தானியாவில் மறைந்து வாழும் நாஜி அறிவியலாளராகத் தலைமை வேடம் ஏற்றார், படம் நிலைக்கவில்லை. அதே ஆண்டில், சாமர்செட் மாமின் நான்கு கதைகளைக் கொண்ட 'குவார்ட்டெட்' படத்தின் பட்டம்விடும் கதையில் ஹெர்மியோன் பேடலி மனைவியாகவும், ஜார்ஜ் கோல் மகனாகவும் நடிக்க, இவர் தந்தையாக வந்தார்.

அம்மூவரும் 1951இல் மீண்டும் ஒரே படத்தில் இடம்பெற்றனர். பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட் இயக்கிய 'ஸ்குரூஜ்', டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையை ஒட்டியது. அலஸ்டைர் சிம் கருமியாகவும், ஜார்ஜ் கோல் அக்கருமியின் இளமைத் தோற்றமாகவும், ஜான்ஸும் பேடலியும் கிராட்சிட் இணையராகவும் நடித்தனர். வாரம் பதினைந்து ஷில்லிங் ஊதியத்தில் குடும்பம் காக்கும் எழுத்தர் பாப் கிராட்சிட் அசட்டுத்தனமாக ஆகிவிடுதல் எளிது; கண்ணீர்ப் பொம்மையாகிவிடுதல் அதனினும் எளிது. குளிர்ந்த அலுவலகத்தில் கைகளைத் தேய்த்துக்கொள்ளும்போதும், வரவிருக்கும் காலத்தின் காட்சியில் சிறுவன் டிம்மை இழந்து வீடு திரும்பும்போதும் ஜான்ஸ் காட்டும் கண்ணியம் இரண்டையும் தவிர்த்துவிடுகிறது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் பல்லாண்டுகளாகக் கிறிஸ்துமஸ் நாள்களில் தொலைக்காட்சியில் இப்படம் காட்டப்பட்டுவந்ததால், அவர் பெயரறியாத பல இலட்சம் பேருக்கும் அவர் முகம் அறிமுகம்.

அதன்பின் வந்தவற்றை விரைந்து கடந்துவிடலாம். 1954இல் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' படத்தில் லாரன்ஸ் துறவி. 1956இல் ஜான் ஹியூஸ்டனின் 'மோபி டிக்' படத்தில் கப்பல் உரிமையாளர் பீலெக். இப்படத்தின் கடற்காட்சிகள் சில ஜான்ஸ் பிறந்த பெம்புரோக்ஷயரின் ஃபிஷ்கார்ட் கடற்கரையை ஒட்டியே எடுக்கப்பெற்றன. 1960இல் 'த சண்டவுனர்ஸ்' படத்தில் தந்தையும் மகளும் மீண்டும் இடம்பெற்றனர். இம்முறை தந்தைக்குச் சிறு வேடம். மகளுக்கோ துணைநடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை. 1963இல் 'த டே ஆஃப் த டிரிஃபிட்ஸ்', 'ஃபிஃப்டி ஃபைவ் டேஸ் அட் பீகிங்' எனப் பல படங்களில் சில நிமிடங்கள் தோன்றி மறைந்தார். 1964இன் 'மேரி பாப்பின்ஸ்' கிளினிஸை உலகறியச் செய்தது. தம் கலைவாழ்வின் பின்பாதியில் மெர்வின் ஜான்ஸ் 'கிளினிஸின் தந்தை' என்றே அறிமுகப்படுத்தப்பட்டார்.

முதல் துணைவியார் மறைந்தபின், 1976இல் நடிகை டயானா சர்ச்சிலை மணந்தார். அப்போது வயது எழுபத்தேழு. 1992 செப்டம்பர் 6ஆம் நாள் லண்டனை அடுத்த நார்த்வுட்டில், தொண்ணூற்று மூன்றாம் வயதில் காலமானார். நூறாண்டு நிறைவாழ்வு கண்ட மகள் 2024 ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார்.

'வென்ட் த டே வெல்?' படத்தின் பழைய படச்சுருள் பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தால் செப்பனிடப்பெற்று 2010இல் மீண்டும் திரைக்கு வந்தது. ஈலிங்கின் இன்பியல் படங்களை மட்டும் அறிந்திருந்த ஒரு தலைமுறை அப்போதுதான் அதனைப் பெரிய திரையில் கண்டது. அரங்கு இருண்டதும் கோயில் மதிலருகே சார்லி சிம்ஸ் அவர்களை வரவேற்று, கல்லறைப் பக்கம் அழைத்துச் சென்று, ஊரில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்.